மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கணினி

சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில், 12 அடிக்கு 10 அடி அளவுள்ள ஒரே அறையில், சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். கண்ணாடித் தடுப்புப் போட்டுப் பேசுபவரைத் தனியே உட்காரவைக்க இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை என்பதால் மைக், கணினி, நான் எல்லாம் அந்த ஒரே அறையில்தான். விளம்பரக் குரல், டப்பிங், பக்திப் பாடல் ஆகிய வேலைகளுக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. அவற்றில் குரலுக்குப் பின்னால் ஏதாவது ஓர் இசை ஓடிக்கொண்டே இருக்கும், கணினியின் இரைச்சல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் ஒலிநூல் வேலை வந்தபோது அந்த மறைப்பு போய்விட்டது.

வாசிக்க வந்தவர் வானொலியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். இரண்டாம் நாள், ஓர் அத்தியாயத்தின் நடுவே நிறுத்தி, ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “தம்பி, உள்ள வண்டு கிண்டு பூந்திருக்கா பாருங்க, ரொம்ப நேரமா ரீங்காரம் கேக்குது” என்றார். நானும் சன்னலோரத்தில், திரைச்சீலைக்குப் பின்னால், ஏசிக்கு மேலே என்று தேடினேன். அந்த வண்டு மேசைக்குக் கீழே, நான் ஆறு வருடமாகப் பயன்படுத்தி வந்த கணினியின் கேபினட்டுக்குள் இருந்தது என்பது அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எவ்வளவு இரைச்சல் என்று அளக்க முதலில் கைப்பேசிச் செயலியைத்தான் திறந்தேன். கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. கைப்பேசி மைக்கின் சொந்த இரைச்சலே அந்த அளவுக்கு இருப்பதால், அதற்குக் கீழே உள்ளது எதுவும் அதற்குத் தெரியாது. பிறகுதான், அளப்பதற்கு என்னிடமே நல்ல கருவி இருக்கிறதே என்று தோன்றியது. நான் பயன்படுத்தும் ரோட் என்டி1 மைக்கின் சுய இரைச்சல் 4.5 டெசிபெல் மட்டுமே. பெரியவர் பேசும்போது வைத்த அதே கெயினில் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு), அதே இடத்தில் மைக்கை நிறுத்தி, இரவு பத்து மணிக்கு மேல் ஏசியை அணைத்துவிட்டு, வெற்று நாற்காலியை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். சராசரி அளவு -56 டெசிபெல் வந்தது. (பதிவில் பூஜ்ஜியம்தான் உச்சம், அதற்குக் கீழே போகப் போக அமைதி.) அதன்பின் நண்பர் ஒருவரின் ஃபேனே இல்லாத மேக்புக் ஏரை வாங்கிவந்து, மைக்கைக் கணினியோடு இணைக்கும் அதே ஆடியோ இன்டர்ஃபேசை அதில் இணைத்து, என் கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் பதிவு செய்தபோது -67 வந்தது. ஆக, அந்த அறை நல்ல அறைதான். 11 டெசிபெல்லை என் கணினி தின்றுகொண்டிருந்தது. ஆடிபிள் தளத்துக்கு ஒலிநூல் அனுப்புவோருக்கான ஏசிஎக்ஸ் விதிமுறை, பின்னணி இரைச்சல் -60 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. குரலை கம்ப்ரஸ் செய்து, அதாவது ஏற்ற இறக்கத்தைக் குறுக்கி, மட்டத்தை உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே எழுந்து வரும் என்பதால், பதிவில் -60 இருந்தாலும் முடிவில் போதாது.

அந்தப் பதிவை ஸ்பான் என்ற இலவச அலைவரிசைப் பகுப்பானில் போட்டுப் பார்த்தபோது இரண்டு கூர்முனைகள் தெரிந்தன, ஒன்று 120 ஹெர்ட்ஸில், மற்றொன்று 210-இல். மின்சாரக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வரும் உறுமல் 50, 100, 150 என்று வரவேண்டும், 120 வர வழியில்லை. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 120 முறை. முதல் முனை அதனுடையது. கேபினட் ஃபேன் 1800 சுற்றில் ஓடியது, அதற்கு ஏழு இறக்கைகள். நொடிக்கு 30 சுற்று, ஏழால் பெருக்கினால் 210. இரண்டும் மனிதக் குரலின் அடிநாதம் இருக்கும் பகுதியிலேயே விழுவதால், கீழ் அலைவரிசைகளை வெட்டிவிடும் வழக்கமான வடிகட்டி இங்கே உதவாது. வெட்டினால் குரலும் சேர்ந்தே போகும்.

மென்பொருளால் இரைச்சலை நீக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அதைத்தான் செய்துவந்தேன். தமிழ் வாசிப்பில் அது எங்கே கையைக் கடிக்கும் என்றால், சொல்லின் இறுதியில். காற்று, பேச்சு, மருந்து என்று முடியும் சொற்களில் வரும் குற்றியலுகரம் இயல்பாகவே பாதி மூச்சில் கரைகிற ஒலி. அதன் மட்டம் பின்னணி இரைச்சலுக்குச் சற்றே மேலே இருப்பதால், மென்பொருள் அதையும் இரைச்சல் என்று எண்ணி நறுக்கிவிடும். பெரியவரின் முதல் நாள் பதிவைச் சுத்தம் செய்து கேட்டபோது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் யாரோ அவர் வாயைப் பொத்தியதுபோல இருந்தது. அதைக் கேட்ட பிறகு, இரைச்சலை மூலத்திலேயே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு சரியானதுதான், எடுத்து வைத்த முதல் அடி தவறானது. ஒலிப்பதிவுக்காரன் புத்தி பஞ்சில்தானே போகும். அறைச் சுவரில் ஒட்டி மிஞ்சிய ஒலி உறிஞ்சும் ஃபோமைக் கேபினட்டின் உட்புறம் முழுக்க ஒட்டி, முன்பக்கக் காற்றுத் துளைகளில் பாதியையும் அடைத்தேன். முதல் பத்து நிமிடம் அற்புதமாக இருந்தது. பிறகு உள்ளே வெப்பம் சேரச் சேர, ஃபேன்கள் முன்பைவிட வேகமெடுத்து, அரை மணி நேரத்தில் பழைய இரைச்சலைத் தாண்டிவிட்டன. ஃபேன் சத்தம் போடுவது வெப்பத்தை வெளியேற்றத்தான். வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் மூடப் போனது என் பிழை.

அதனால் புதிய கணினிக்கான கணக்கை வாட்டிலிருந்து தொடங்கினேன். குரல் பதிவுக்கும் ஓரளவு இசைக் கலவைக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அதை நீக்கினால் பெரும் வெப்பமும், இரண்டு மூன்று சிறிய ஃபேன்களும் ஒரே வெட்டில் போய்விடும். ப்ராசசராக, கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த இன்டெல் கோர் ஐ7-12700-ஐத் தேர்ந்தெடுத்தேன். 12 கோர்கள், பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தது. பேசாமல் ஒரு மேக் மினி வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். என்னிடம் விண்டோஸில் மட்டுமே ஓடும் பிளகின்களில் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்கள்) கட்டிய பல வருடத்து ப்ராஜெக்டுகள் இருந்தன. வாடிக்கையாளர் பழைய பாட்டில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் அதைத் திறந்தாக வேண்டும்.

அடுத்த தவறு ஆசையால் வந்தது. ஃபேன்தானே பிரச்சினை, ஒரு ஃபேன்கூட இல்லாமல் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. ப்ராசசரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும், ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஃபேனில்லாத ஹீட்சிங்க், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஃபேனில்லாமல், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி எல்லாம் வாங்கி, ஏப்ரலில் கட்டி முடித்தேன். பவர் பட்டனை அழுத்தியபோது விளக்கு மட்டும் எரிந்தது, வேறு எந்த அறிகுறியும் இல்லை. ஓடுகிறதா என்று கேபினட்டில் கை வைத்துப் பார்த்தேன். அன்று இரவு எடுத்த வெற்று நாற்காலிப் பதிவில் அளவு -67-ஐத் தொட்டது. அந்த வாரம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் கணினி ஓடுகிறதா இல்லையா சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம் அந்தப் பெருமையை அடக்கியது. சென்னையில் ஒலிப்பதிவு செய்வோர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், டேக் போகும்போது ஏசியை அணைத்துவிடுவோம். கதவை மூடி, ஒலி உறிஞ்சும் ராக்வூல் பஞ்சு அடைத்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் 34, 35 டிகிரி ஆகிவிடும். குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் சோதித்துப் போடும் விமர்சனங்களை நம்பி வாங்கியவன், இந்த இருபது நிமிடத்தை மறந்துவிட்டேன். ஒரு மதியம், பாடகி சரணத்தின் கடைசி வரியில் இருக்கும்போது ஹெட்ஃபோனில் பட்டாணி வெடிப்பதுபோல் சடசடவென்று சத்தம் வந்து பதிவு கெட்டது. ப்ராசசர் 100 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. அந்த எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், ஒரு தவணைக்கு 128 சாம்பிள்களைக் கையாளும்படி பஃபர் வைத்தால், ஒவ்வொரு 2.7 மில்லிநொடிக்குள்ளும் எல்லா பிளகின்களின் கணக்கையும் அது முடித்தாக வேண்டும். வேகம் குறைந்தால் முடியாது, முடியாத இடத்தில் ஒலி அறுந்து வெடிக்கும். பாடகி ஒன்றும் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பாடினார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

பெட்டியில் இருந்த 65 வாட் என்பது அடிப்படை அளவுதான் என்பதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அதே ப்ராசசர் டர்போ என்ற உச்ச வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும், பல மதர்போர்டுகள் அந்த அளவை நேரக் கட்டுப்பாடின்றித் திறந்தே வைத்திருக்கும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், நீண்ட நேர மின்வரம்பு, குறுகிய நேர மின்வரம்பு ஆகிய இரண்டையும் 65 வாட்டில் பூட்டினேன். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பாட்டை ஏற்றுமதி செய்யும்போது சற்று நேரம் கூடுதலாகிறது. பதிவின்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அமைதியான கணினி கட்டுகிறேன் என்று யாராவது கேட்டால், எந்தப் பொருளை வாங்கு என்பதற்கு முன்பே இதைத்தான் சொல்கிறேன்.

அதன்பின் ஃபேன்களைத் திரும்பக் கொண்டுவந்தேன், இம்முறை கணக்கோடு. ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். சத்தமோ அதைவிட மிக வேகமாக விழும், வேகம் பாதியானால் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஒரே மாதிரியான ஃபேன் ஒன்றுக்கு இரண்டாக ஆனால் கூடுவது 3 டெசிபெல்தான். ஆகவே 1000 சுற்றில் ஓடும் ஒரு ஃபேனைவிட, 500 சுற்றில் ஓடும் மூன்று பெரிய ஃபேன்கள் குறையாமல் காற்றைத் தள்ளிக்கொண்டே ஏறக்குறைய 10 டெசிபெல் அமைதியாக இருக்கும். இந்தக் கணக்கை நம்பி, ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் 7 கேபினட்டும், நாக்டுவாவின் என்எச்-டி15 கூலரும், 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் மூன்றும் வாங்க, கணினிப் பொருள்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் வண்ண விளக்குகள் சுழலும் ஃபேன்களாகவே எடுத்து வைத்தான். விளக்கு வேண்டாம், சத்தம் போடாதது போதும் என்றதும், “லைட் இல்லாம யாரு சார் ஃபேன் வாங்குறா, ஓடுறதே தெரியாதே” என்றான். ஓடுவது தெரியாமல் இருப்பதற்குத்தான் தம்பி இவ்வளவு தூரம் வந்தேன் என்றேன்; அவனுக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. இந்தக் கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர், எல்லாக் கேபினட்டிலும் இது நுழையாது, பக்கத்துக் கதவு மூடாமல் போகும். உயரமான ரேம் குச்சிகளும் அதன் முன் ஃபேனில் இடிக்கும். இரண்டையும் கடையிலேயே அளந்து பார்ப்பது நல்லது.

ஃபேனின் வேகத்தைவிட, அந்த வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காதைக் குடையும். சீராக வரும் மெல்லிய காற்றொலியை மனம் ஒதுக்கிவிடும். வாக்கியத்தின் நடுவே எழுந்து அடங்கும் ஒலியை எடிட் செய்யவே முடியாது, வெட்டும் இடத்தில் முன்னும் பின்னும் பின்னணி பொருந்தாது. ஆகவே 70 டிகிரி வரை 500 சுற்றிலேயே அசையாமல் இருக்கும்படியும், அதற்கு மேல் மெல்ல 700 வரை ஏறும்படியும், 85-ஐத் தாண்டினால் மட்டும் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முழு வேகத்தில் ஓடும்படியும் பயாஸில் வைத்தேன். வேகம் ஏறுவதற்கு முன் சில நொடிகள் பொறுக்கச் சொல்லும் அமைப்பும் அங்கேயே இருக்கிறது, அதையும் கூட்டினேன். மே மாத மதியத்தில், ஏசி இல்லாமல் 34 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது ப்ராசசர் 72 டிகிரியில் நின்றது.

இனி எல்லாம் சரி என்று நினைத்த அன்றுதான் உண்மையான வண்டு வெளியே வந்தது. மவுசைச் சுழற்றித் திரையை நகர்த்தும்போதெல்லாம் மெல்லிய, உயர்ந்த “ஈஈ” என்ற ஒலி. மின்சுற்றில் உள்ள கம்பிச் சுருள்கள் மின்னோட்டம் துடிக்கும்போது அதிர்ந்து எழுப்புகிற சத்தம் இது, காயில் வைன் என்பார்கள்.  ஹெட்ஃபோனில் கேட்டால் மின் இணைப்பின் வழியாகவும் வரலாம் என்பதால், முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றி வெறும் காதால் கேட்டு, அறைக்குள் எழும் ஒலிதான் என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு நாளிதழை இறுக்கிச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் திறந்த கேபினட்டின் ஒவ்வொரு பாகத்தின் அருகிலும், எதையும் தொடாமல் வைத்துக் கேட்டேன். எஸ்எம்பிஎஸ் அருகே போனதும் ஒலி காதைத் துளைத்தது. அதை மாற்றியதும் பெரும்பகுதி போயிற்று. மதர்போர்டில் ப்ராசசரைச் சுற்றி மிஞ்சியிருந்தது, பயாஸில் ப்ராசசரின் ஆழ்ந்த உறக்க நிலைகளை அணைத்ததும் அடங்கியது. சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகச் செலவாகிறது, பரவாயில்லை.

புதிய எஸ்எம்பிஎஸ்ஸில், சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் முற்றிலும் நின்றுவிடும் வசதி இருந்தது. கேட்க நன்றாக இருந்தாலும், வெயில் காலத்தில் அது நின்று நின்று கிளம்பியது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு சிறு “டிக்”. பின்னால் உள்ள பட்டனை அழுத்தி அந்த வசதியையே நீக்கிவிட்டேன். இப்போது அது எப்போதும் மிக மெதுவாகச் சுழல்கிறது, யாருக்கும் கேட்பதில்லை.

சேமிப்பில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக்குக்கு நொடிக்கு 144 கிலோபைட்தான். 24 ட்ராக்குகளை ஒன்றாகப் பதிவு செய்தாலும் 3.5 மெகாபைட்டைத் தாண்டாது. சாதாரண எஸ்எஸ்டியே பல மடங்கு போதும், அதிவேக ரகங்கள் வெப்பத்தைத்தான் கூட்டும். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை வீட்டு ஹாலுக்கு மாற்றி நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிட்டேன்.

கேபினட்டை எங்கே வைப்பது என்பதற்குப் பொருள் வாங்குவதில் செலவிட்ட யோசனையில் பாதியைச் செலவிட்டிருந்தால், பணமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பழைய மேசையின் அடித்தட்டு ஒட்டுப்பலகை. அதன்மேல் கேபினட் இருந்தபோது தபேலாவின் தோல்போல அதிர்ந்தது. தரையில் இறக்கி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டதும் கீழ் அலைவரிசை உறுமல் காணாமல் போயிற்று. என்டி1 முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்கும் மைக் என்பதால், அதன் முதுகு கணினியைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இவ்வளவும் செய்து முடித்து பகுப்பானில் பார்த்தால், 100 ஹெர்ட்ஸில் ஒரு புதிய முனை நிமிர்ந்து நின்றது. யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்! அது அத்தனை வருடமும் அங்கேதான் உறுமிக்கொண்டிருந்திருக்கிறது. அதை வாசலுக்கு வெளியே வைத்து, மின்கம்பியைச் சுவர் ஓரமாக உள்ளே இழுத்தோம்.

ஜூன் கடைசியில் பெரியவர் மீண்டும் வந்தார். அந்த வாரம் எடுத்த வெற்று நாற்காலிப் பதிவு -66 காட்டியது, கணினி இல்லாத அறையைவிட ஒரு டெசிபெல்தான் அதிகம். அரை மணி நேரம் தடையில்லாமல் வாசித்தவர் திடீரென்று நிறுத்தினார், எனக்குப் பகீரென்றது. இடது கையைக் காதருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டி, “இத வெளிய வச்சிருங்க தம்பி” என்றார். பதிவில் போய்த் தேடினேன். நொடிக்கு ஒன்றாக அந்த முள் நகர்வது மெய்யாகவே கேட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டின் தூசி வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுகிறேன். கோடம்பாக்கம் பக்கத்துத் தூசிக்கு அது கட்டாயம், தள்ளிப்போட்ட வருடத்தில் வெப்பம் ஆறு டிகிரி ஏறியிருந்தது. கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறது: “ஏப்ரல் 1 - 600 சுற்று, அக்டோபர் 15 - மறுபடி 500.”